மிக்ஸிங்கில் காதும் மீட்டரும்: எதை எப்போது நம்புவது?

தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகச் சேர்த்துச் சமன்படுத்தும் வேலைதான் மிக்ஸிங். அதைக் கற்கத் தொடங்கும் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு அறிவுரைகள் வந்து சேர்ந்துவிடும். ஒரு தரப்பு, "திரையைப் பார்த்து மிக்ஸ் செய்யாதே, காதை நம்பு" என்கிறது. இன்னொரு தரப்பு ஸ்பெக்ட்ரம் அனலைசர், லவுட்னஸ் மீட்டர், ஃபேஸ் மீட்டர் என்று திரை நிறையத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. இரண்டு தரப்பிலும் நல்ல மிக்ஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு தரப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. காது தடுமாறும் இடங்கள் எவை என்று பெரும்பாலும் தெரியும். மீட்டர் தவறான எண்ணத்தைத் தரும் இடங்களும் அப்படியே. இந்த இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருப்பவை மிகக் குறைவு. காது கோட்டைவிடும் இடத்தில் பெரும்பாலும் மீட்டர் சரியாகச் சொல்லும், மீட்டருக்குப் புரியாததைக் காது உடனே பிடித்துவிடும். எந்தக் கேள்வியை எதனிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

காது எங்கே தடுமாறுகிறது?

1. சத்தத்தின் அளவைப் பொறுத்துக் காது வேறு மாதிரிக் கேட்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் இதற்குப் புகழ்பெற்றவை. அதே வகை வளைகோடுகள் இன்று ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலையில் இருக்கின்றன. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில் மெல்லக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு சத்தமாகத் தோன்ற, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இன்னும் 20 டெசிபலுக்கு மேல் தேவை. சத்தம் ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். அதனால் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸை, அதாவது கீழ் அதிர்வெண் ஒலியை, தேவைக்கு மேல் ஏற்றத் தோன்றும். சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதும் என்று விட்டுவிடுவோம். அதையே ஒருவர் மெதுவாகக் கேட்கும்போது பாட்டு மெலிந்துபோயிருக்கும்.

2. காது சீக்கிரம் பழகிவிடும். ஹை ஃப்ரீக்வன்சி குறைந்த, மந்தமான மிக்ஸைப் பத்து நிமிடம் தொடர்ந்து கேட்டால் அதுவே இயல்பாகத் தோன்ற ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சரியான மிக்ஸைக் கேட்டாலும் கூசும்.

3. சத்தம் கொஞ்சம் கூடினாலே நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒரு ஈக்யூவையோ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரையோ (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போட்டதும் பாட்டுக்கு உயிர் வந்துவிட்டதாக நினைப்போம். பல சமயம் நடந்திருப்பது 1 டெசிபல் ஏற்றம், அவ்வளவுதான்.

4. களைப்பு. நீண்ட நேரம் சத்தமாகக் கேட்டால் கேட்கும் திறனே தற்காலிகமாக மங்கும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. மிக்ஸ் கெடுவது இதில் சின்ன விஷயம். இப்படியே தொடர்ந்தால் போகும் செவித்திறன் திரும்பி வராது.

5. வயது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளம் காதுகளுக்கான கணக்கு. வயது ஏற ஏற மேல்முனை இறங்கிக்கொண்டே வரும். நடுவயதில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒரு கீச்சொலி மிக்ஸில் இருப்பதே தெரியாமல் போகலாம்.

காதின் மேல் பழி விழும், ஆனால் குற்றவாளி அறை

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொந்த அறையில் மிக்ஸ் செய்பவர்களின் பிரச்சினைகளில் மிகப் பெரியது இதுதான். பலர் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள், பிளக்-இன் (மிக்ஸிங் மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) வாங்குகிறார்கள். பிரச்சினை சுவர்களுக்கு இடையே இருக்கிறது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம், ஓர் அலையின் நீளத்தில் பாதியாக இருந்தால் அந்த அதிர்வெண் அறையில் சிக்கிக்கொண்டு நின்று அதிரும். கணக்கு எளிது: 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 4 மீட்டர் நீள அறையில் விடை சுமார் 43 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி 41.2 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த சுரம் 43.7 ஹெர்ட்ஸ். ஆக, பேஸின் முக்கியமான சுரங்கள் அப்படியே இதில் போய் மாட்டுகின்றன.

இதில் எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். அறை நீளத்தின் சரிபாதியில் உட்கார்ந்தால் அந்த 43 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். பின்சுவரை ஒட்டி நின்றால் அதே சுரம் வீங்கிக் கேட்கும். நடுவில் உட்கார்ந்தவர், "பேஸ் பத்தவில்லை" என்று 6 டெசிபல் ஏற்றுகிறார். வெளியே போய் எங்கே கேட்டாலும் அந்த மிக்ஸ் பேஸில் மூழ்கிக் கிடக்கிறது. அவர் காதில் எந்தக் குறையும் இல்லை. காதுக்கு வந்து சேர்ந்த தகவலே தவறு.

ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு இந்த இடத்தில்தான் உண்மையான மதிப்பு. அது அறையைப் பார்ப்பதில்லை. ஃபைலுக்குள் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே அளக்கிறது.

ஹெட்ஃபோன் போட்டால் அறைத் தொல்லை போய்விடும், உண்மைதான். ஆனால் ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலது காதுக்கும் போய்ச் சேரும், ஹெட்ஃபோனில் போகாது. அதனால் ஸ்டீரியோ அகலம் மிகையாகத் தோன்றும், இரு பக்க ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும் ஃபேஸ் சிக்கல் மறைந்துகொள்ளும்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ன காட்டுகிறது?

ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று வரைந்து காட்டும் கருவி இது. இடமிருந்து வலமாக அதிர்வெண், கீழிருந்து மேலாக டெசிபல். வோக்ஸெங்கோ ஸ்பேன் போன்ற நல்ல அனலைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே நடப்பது ஃபூரியே உருமாற்றம் என்ற கணிதம். அதை வேகமாகச் செய்யும் முறைக்கு எஃப்எஃப்டி என்று பெயர். அந்தக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மூன்று அமைப்புகள் தெரியாமல் இந்தப் படத்தைப் படித்தால் தவறாகத்தான் படிப்போம்.

1. எஃப்எஃப்டி அளவு. ஓர் ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எண்ண வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். குறைந்த நேரம் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படும்போது, அளவை 4,096 சாம்பிள் என்று வைத்தால் அனலைசர் ஒரு தடவைக்கு 93 மில்லிசெகண்ட் ஒலியை எடுத்துக்கொள்கிறது. அதன் பிரிக்கும் திறன் சுமார் 10.8 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன 41.2-உம் 43.7-உம் இதில் ஒரே மேடாகத்தான் தெரியும். 16,384 என்று வைத்தால் திறன் 2.7 ஹெர்ட்ஸ் ஆகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 2.5 ஹெர்ட்ஸ் இடைவெளியை ஏறக்குறைய எட்டிவிடுகிறோம். ஆனால் இப்போது 372 மில்லிசெகண்ட் நேரத்தைச் சேர்த்துப் பார்க்கிறோம். அதற்குள் கிக் டிரம்மின் அடி வந்து போய்விட்டிருக்கும். பேஸை ஆராயப் பெரிய அளவு, தாளக்கருவிகளை ஆராயச் சிறிய அளவு. இரண்டுக்கும் ஒன்றாகப் பொருந்தும் அளவு கிடையாது.

2. சாய்வு. பெரும்பாலான இசையில் கீழ் அதிர்வெண்களில்தான் ஆற்றல் அதிகம். மேலே போகப் போகக் குறையும். எனவே சாய்வு எதுவும் போடாத அனலைசரில் நல்ல மிக்ஸ் கூட வலப்பக்கம் சரிந்துதான் தெரியும். அதைப் பார்த்து பயந்து ட்ரெபிளை ஏற்றுகிறவர்கள் உண்டு. இதைத் தவிர்க்க அனலைசர்கள் படத்தையே ஒரு சாய்வில் தூக்கிக் காட்டும். ஸ்பேனில் இது ஆரம்பத்திலேயே ஓர் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளிக்கு) 4.5 டெசிபல் என்று இருக்கும். 3 டெசிபல் என்று வைத்தால், ஆக்டேவுக்கு ஆக்டேவ் சமமான ஆற்றல் கொண்ட பிங்க் நாய்ஸ் கிடைக்கோடாகத் தெரியும். வேறொருவரின் அனலைசர் படத்தோடு நம் படத்தை ஒப்பிடும் முன் அவருடைய சாய்வு என்ன என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

3. சராசரி நேரம். துள்ளிக்கொண்டே இருக்கும் கோட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மிக்ஸின் மொத்தச் சமநிலையைப் பார்க்கச் சில நொடிகள் சராசரி எடுக்கும்படி வைக்க வேண்டும். ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேகமான அமைப்பு வேண்டும்.

இப்படி அமைத்த அனலைசரிடம் கேட்கத் தகுந்த கேள்விகள் சில உண்டு. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதாவது கிடக்கிறதா? மைக் ஸ்டாண்டு அதிர்வு, காலடிச் சத்தம், பாடும்போது 'ப' ஒலியில் வரும் காற்று வெடிப்பு ஆகியவை அங்கேயும் சேரும். சின்ன ஸ்பீக்கரில் எதுவும் கேட்காது, ஆனால் மாஸ்டரில், அதாவது முழுப்பாட்டும் ஒன்றாகச் சேரும் இறுதிக் கட்டத்தில், இருக்கும் லிமிட்டர் (உச்சத்தை வரம்புக்குள் அடக்கும் கருவி) அந்தக் கேட்காத ஆற்றலுக்காக முழுப்பாட்டையும் அமுக்கிக்கொண்டிருக்கும். அடுத்து, கிக்குக்கும் பேஸுக்கும் உச்சம் எங்கெங்கே இருக்கிறது? பேஸின் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வருகின்றனவா, ஒன்று மட்டும் எகிறுகிறதா? இதற்கெல்லாம் மோசமான அறையில் உள்ள காதைவிட அனலைசர் நேர்மையாகப் பதில் சொல்லும்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கைப்பேசியின் ஸ்பீக்கர் 50, 60 ஹெர்ட்ஸை வெளியிடவே முடியாது. ஆனாலும் நல்ல மிக்ஸில் பேஸ் அதில் கேட்கிறது. அடிச்சுரம் இல்லாமலே, அதன் மடங்குகளான ஹார்மோனிக்குகளை வைத்து மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்வதுதான் காரணம். அனலைசரில் பேஸ் டிராக்கைத் தனியாகப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு மலை, 100 முதல் 500 வரை வெறும் பள்ளம் என்றால் கைப்பேசியில் அந்த பேஸ் இருக்காது. அதற்குத் தீர்வு மலையை இன்னும் உயர்த்துவது அல்ல. கொஞ்சம் சாச்சுரேஷன் (மென்மையான ஒலிச் சிதைவு) போட்டு ஹார்மோனிக்குகளை உண்டாக்க வேண்டும்.

அனலைசருக்குத் தெரியாதவை

ஒரே உயரத்தில் உள்ள இரண்டு மேடுகள் ஒரே சத்தமாகக் கேட்காது. காதின் கூர்மை 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் அதிகம். அங்கே இருக்கும் சின்னத் துருத்தல் உறுத்தும். 150 ஹெர்ட்ஸில் அதே அளவு துருத்தல் கவனத்துக்கே வராது. படத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு கருவிகளின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் மோதல் என்று சில பிளக்-இன்கள் சிவப்பு நிறம் காட்டும். மாஸ்கிங், அதாவது ஓர் ஒலி இன்னொன்றை மறைப்பது, உண்மையான விஷயம். ஆனால் அந்த இரண்டு கருவிகளும் வேறு வேறு நேரத்தில் ஒலிக்கலாம், ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் இருக்கலாம். சில சமயம் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஒலியாகத் தெரிய வேண்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கமாக இருக்கும். சிவப்பைக் கண்ட இடமெல்லாம் வெட்டினால் ஒவ்வொரு டிராக்கும் தனியாகச் சுத்தமாக இருக்கும், சேர்ந்து கேட்டால் பாட்டு எலும்பும் தோலுமாக நிற்கும். எல்லா டிராக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) போடும் பழக்கமும் இப்படிப் படத்தைப் பார்த்து வந்ததுதான்.

டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ரிவர்பின் (எதிரொலி விளைவின்) வால், பாடகர் தாளத்துக்குச் சற்றே பின்னால் நிற்பது, வரிகள் புரிகின்றனவா என்பது: இவற்றில் எதுவும் அனலைசர் கோட்டில் படிக்கும்படி இருக்காது.

படம் காதை வளைக்கும்

கண் கொடுக்கும் தகவல் கேட்பதையே மாற்றிவிடும் என்பதற்குப் புகழ்பெற்ற ஆதாரம் உண்டு. ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகம் 'க' என்று உதடசைக்கும் காட்சியோடு 'ப' ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலர் கேட்டது 'த' வகை ஒலி. இரண்டிலும் இல்லாத ஒன்று.

மிக்ஸிங்கில் இது எப்படி வரும்? ஈக்யூவில் ஒரு புள்ளியைப் பிடித்து மேலே இழுக்கிறோம், வளைவு அழகாக எழும்புகிறது, குரல் பளிச்சென்று ஆனதாகத் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த ஈக்யூ பைபாஸில், அதாவது வேலை செய்யாமல், இருந்திருக்கும். இந்தத் துறையில் இது எல்லோருக்கும் நேரும். ஆகவே திரை திறந்திருக்கும் வரை காதின் தீர்ப்பு முழுச் சுதந்திரமான தீர்ப்பு அல்ல. அனலைசரை மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான்.

ஸ்பெக்ட்ரோகிராம்

அனலைசருக்கு நேரம் என்ற அச்சைச் சேர்த்தால் ஸ்பெக்ட்ரோகிராம். ஆற்றல் அதிகமான இடம் பளிச்சென்று தெரியும். மின்சார ஹம் இருந்தால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் பாட்டு முழுக்க நேர்க்கோடுகள் ஓடும். குறைந்த பிட்ரேட் எம்பி3-இலிருந்து எடுத்த சாம்பிள் என்றால் 16,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் கத்தியால் வெட்டியது போல ஒலி நின்றுபோகும். ரெக்கார்டிங்கைச் சுத்தம் செய்யும்போது இது இன்றியமையாதது. மிக்ஸ் நடக்கும்போது தினமும் திறக்க வேண்டிய கருவி அல்ல.

ஸ்டீரியோவும் ஃபேஸும்

இரண்டு ஒலி அலைகளின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றாகப் போகின்றனவா, எதிரெதிராகப் போகின்றனவா என்பதுதான் ஃபேஸ் பிரச்சினையின் அடிப்படை. ஒன்றாகப் போனால் கூடும்; எதிராகப் போனால் அழியும்.

ஒரு கருவிக்கு இரண்டு மைக் வைக்கிறோம், ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 1 மில்லிசெகண்ட் ஆகும். இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒலி அழியும். அப்புறம் 1,500, 2,500 என்று சீப்பின் பற்களைப் போல இடைவெளி விட்டு அழிந்துகொண்டே போகும். ஒரு டிராக்கை நகல் எடுத்து ஒரு பக்கம் 10 மில்லிசெகண்ட் தாமதித்து அகலமாக்கும் உத்தியிலும் இதுதான் நடக்கிறது. ஸ்டீரியோவில் பிரமாதமாக இருக்கும். மோனோவாகச் சேர்ந்ததும் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று குழி விழும். ஒற்றை ஸ்பீக்கர் கருவிகளிலும் பல பொது இடங்களிலும் பாட்டு மோனோவாகத்தான் ஒலிக்கிறது என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல.

இதை அளக்க இரண்டு கருவிகள்:

1. கோரிலேஷன் மீட்டர். இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றே என்றால் +1. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்றால் 0. ஒன்று மற்றதன் தலைகீழ் என்றால் -1. மோனோவில் ஒலியே இருக்காது.

2. கோனியோமீட்டர். அதே விஷயத்தைப் படமாகக் காட்டும். மோனோ ஒலி செங்குத்துக் கோடு. ஸ்டீரியோ பரவப் பரவ அது ஒரு பந்து போல விரியும். படுக்கைவாட்டில் படுத்துவிட்டால் ஃபேஸ் தலைகீழாக இருக்கிறது.

எண்ணைப் பார்த்து இரண்டு வகையில் ஏமாறலாம். ரிவர்பிலும் இரண்டு முறை தனித்தனியே வாசித்த கிடார்களிலும் கோரிலேஷன் 0-க்குப் பக்கத்தில் இருக்கும், சில கணம் கீழேயும் போகும். அதில் தவறே இல்லை. இன்னொரு பக்கம், முழு மிக்ஸில் பேஸும் கிக்கும் நடுவில் பலமாக இருந்தால் அவற்றின் ஆற்றலே எண்ணைத் தீர்மானிக்கும். மேலே ஒரு சிந்தசைசர் மோனோவில் அழிந்துகொண்டிருந்தாலும் மீட்டர் +0.8 என்று நிம்மதியாகக் காட்டும். சந்தேகம் வந்தால் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்பதுதான் கடைசித் தீர்ப்பு. மீட்டரின் வேலை, எப்போது அதை அழுத்த வேண்டும் என்று நினைவூட்டுவது.

லெவல், லவுட்னஸ், ட்ரூ பீக்

இதில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்து குழப்புகின்றன. பிரித்துப் பார்ப்போம்.

பீக் மீட்டர் காட்டுவது அலையின் உச்சத்தை. ஃபைல் வரம்பைத் தாண்டுகிறதா என்று அறிய அது போதும். எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அதற்குத் தெரியாது. ஒரு ஸ்னேர் அடி உச்சத்தைத் தொட்டாலும் சத்தமாகத் தோன்றாமல் போகலாம். 1939-இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட வியூ மீட்டரின் முள் 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்வதால், காதின் உணர்வுக்குச் சற்று நெருங்கி வந்தது. இன்றும் பலர் குரலின், பேஸின் அளவைச் சரியாக வைக்க அதைப் பயன்படுத்துவது வெறும் ஏக்கத்தினால் அல்ல.

லவுட்னஸ் மீட்டர் இதற்கு அடுத்த படி. 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிஎஸ்.1770 பரிந்துரை, அளப்பதற்கு முன் ஒலியை ஒரு ஃபில்டர் வழியே அனுப்புகிறது. அது கீழ் அதிர்வெண்களைக் குறைத்து, மேலே உள்ளவற்றைச் சுமார் 4 டெசிபல் தூக்கும். காது கேட்கும் விதத்தை ஓரளவு ஒத்திருக்கச் செய்வதே நோக்கம். அலகின் பெயர் எல்யூஎஃப்எஸ். மொமென்டரி என்றால் 400 மில்லிசெகண்ட், ஷார்ட்-டெர்ம் என்றால் 3 நொடி, இன்டகிரேட்டட் என்றால் முழுப் பாட்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் கொண்டுவந்த ஆர்128 இந்த அளவீட்டை வைத்து நிகழ்ச்சிகளுக்கு -23 என்ற இலக்கை வகுத்தது.

இசைக்கு வந்தால், ஸ்பாட்டிஃபை இயல்பு அமைப்பில் பாட்டுகளை -14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புகிறது; ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் -16. யூடியூப், சத்தமான பாட்டைக் குறைக்கும், மெதுவானதைக் கூட்டாது. இதிலிருந்து, "எல்லாப் பாட்டையும் -14-க்கு மாஸ்டர் செய்ய வேண்டும்" என்று ஒரு விதி கிளம்பிவிட்டது. அப்படி ஒரு கட்டாயம் இல்லை. -9-இல் இருக்கும் பாட்டை 5 டெசிபல் இறக்கி ஒலிபரப்புவார்கள், அவ்வளவுதான். அதன் அடர்த்தி அந்த இசைக்குப் பொருந்தினால் அப்படியே இருக்கட்டும். சத்தப் போட்டிக்காக மட்டும் நசுக்கியிருந்தால்தான் நஷ்டம்: இறக்கிய பிறகு சத்தமும் மிஞ்சாது, ஸ்னேரின் அடியும் மிஞ்சாது.

ட்ரூ பீக் என்பது இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை எவ்வளவு உயரம் போகிறது என்ற கணக்கு. சாம்பிள்கள் எல்லாம் 0 டெசிபல் என்ற வரம்புக்குக் கீழே இருந்தாலும் அவற்றை இணைக்கும் அலை 0-ஐத் தாண்டலாம். சுருக்கப்பட்ட ஃபார்மேட்டுக்கு மாற்றும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால்தான் -1 டெசிபல் ட்ரூ பீக்கைத் தாண்டாதீர்கள் என்ற பரிந்துரை. -14-ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் -2-இல் நிறுத்தச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை. காதால் இதைப் பிடிப்பது அரிது. இங்கே மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

லவுட்னஸ் மீட்டரின் மிகச் சிறந்த பயன் கடைசி ஏற்றுமதியின்போது வருவதல்ல. ஒரு பிளக்-இன் போடுவதற்கு முன்னும் பின்னும் ஷார்ட்-டெர்ம் எண்ணைச் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால், "சத்தம் கூடியதால் நன்றாக இருக்கிறது" என்ற மாயை விலகிவிடும். ரெஃபரன்ஸ் பாட்டோடு, அதாவது அளவுகோலாக எடுத்துக்கொண்ட வேறொரு பாட்டோடு, ஒப்பிடும்போதும் அப்படியே. மாஸ்டர் செய்து முடித்த அந்தப் பாட்டு நம் மிக்ஸைவிடப் பல டெசிபல் சத்தமாக இருக்கும்; அதை இறக்காமல் ஒப்பிடுவது வீண் வேலை.

வேலை வரிசை

1. முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தோன்றுவதைச் சொற்களில் எழுதுங்கள்: "இரண்டாவது சரணத்தில் வரிகள் புரியவில்லை", "கிக் இருக்கிறது, அடி விழவில்லை."

2. அந்த வாக்கியத்தை அளக்கக்கூடிய ஒரு கேள்வியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிக் அடி விழவில்லை என்றால்: பேஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? இரண்டின் அலைகளும் எதிர்த்திசையில் தொடங்குகின்றனவா? முதல் கேள்விக்கு அனலைசர். இரண்டாவதற்கு வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்து, போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேட்க வேண்டும். அளக்க முடியாத கேள்வி என்றால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம்.

3. மாற்றத்தைச் செய்தபின், கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானை எது எந்த நிலை என்று மறக்கும் வரை பல முறை அழுத்திவிட்டு, எது பிடிக்கிறது என்று முடிவெடுங்கள். சத்தம் சமமாக இருக்க வேண்டும்.

4. ரெஃபரன்ஸ் பாட்டை அதே அனலைசர் வழியே, அதே சாய்வில், அதே சத்தத்தில் ஓட விடுங்கள். கோட்டை நகலெடுப்பதற்காக அல்ல. 60 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் வித்தியாசம் என்பது போன்ற பெரிய விலகல் இருக்கிறதா என்பதற்காக.

காதும் மீட்டரும் முரண்பட்டால்

பொதுவாக, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், உச்ச அளவுகளிலும் மீட்டருக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். அறையும் வயதும் களைப்பும் அதிகம் விளையாடும் இடங்கள் அவை. நடுப்பகுதியில், குரலும் கிடாரும் பியானோவும் வாழும் இடத்தில், தீர்ப்புச் சொல்லும் உரிமை காதுக்கு. சில நிலைமைகள்:

பேஸ் குறைவு என்கிறது காது. ரெஃபரன்ஸைவிட 5 டெசிபல் அதிகம் என்கிறது அனலைசர். ஈக்யூவைத் தொடாதீர்கள். நாற்காலியை அரை மீட்டர் முன்னே நகர்த்திக் கேளுங்கள், அறையின் மூலைக்குப் போய் நின்று கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். இடத்துக்கு இடம் பேஸ் மாறினால் குற்றவாளி அறை.

300 ஹெர்ட்ஸில் பெரிய மேடு தெரிகிறது. கேட்டால் கதகதப்பாக, நன்றாக இருக்கிறது. வேறு ஸ்பீக்கரிலும், மறுநாளும் அப்படியே இருந்தால் அது அந்தப் பாட்டின் நிறம். விட்டுவிடலாம்.

எல்லா மீட்டரும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பல்லவி வரும்போதெல்லாம் காது சுருங்குகிறது. இங்கே காது சொல்வதுதான் சரி, மீட்டர் தவறான கோணத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரஸரின் ரிலீஸ் வேகம் (அமுக்கியதை விடும் வேகம்), லிமிட்டரில் வரும் டிஸ்டார்ஷன், பாடகரின் 'ச', 'ஸ' ஒலிகள் என்று சில கணங்களில் வந்து மறைபவற்றைச் சராசரிக் கோடு விழுங்கிவிடும். ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்து, எது போனதும் காது தளர்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்த ஒரு டிராக்கில், சராசரி நேரத்தைக் குறைத்து, அனலைசரைத் திறந்தால் எந்த அதிர்வெண் என்று அது காட்டிக்கொடுக்கும்.